வாளையார் பக்கம் சினிமாக் கதை ரைடு வருமா, வந்தால் எது வரும்?

கணவாய்க்காற்று (கொழிஞ்சாம்பாறை):

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரெண்டு வாரமா எங்க பக்கத்து வாட்ஸ்அப் குழுக்கள்ல ஒரு வரைபடம் சுத்திட்டே இருக்கு. தமிழ்நாடு கேரள எல்லையில, கஞ்சிக்கோட்டுக்கும் வாளையாருக்கும் நடுவுல, 544 நெடுஞ்சாலை ஓரமா, தமிழ் தெலுங்கு மலையாளம் மூணு மொழி சினிமாக் கதைகளை வெச்சு ஒரு தீம் பார்க் வருதுன்னு சொல்றாங்க. படத்துல 60 மீட்டர் உயரத்துக்கு ஒரு ரோலர் கோஸ்டர், அருவிக்குள்ள பாயுற படகு, பறக்குற வண்டி எல்லாம் போட்டிருக்கு. யார் கட்டறாங்கங்கற பேர் மட்டும் எங்கயும் இல்லீங்க.

வதந்தியோ நெசமோ, அதை விடுங்க. இந்த மண்ணுல, இந்தக் காத்துல அப்படி ஒண்ணு கட்டுனா எந்த மாதிரி ரைடு நிக்கும்? எந்தக் கதை ரைடுக்கு ஒத்து வரும்? இது நெசமான்னு நாமளே பாத்துக்க ஏதாவது வழி இருக்குதுங்களா? விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் விரிவாச் சொல்லுங்க.

உருளைத்தடம்:

அந்த 60 மீட்டர் கோஸ்டரில் இருந்தே தொடங்குகிறேன். படத்தில் இருப்பவற்றில் அந்த இடத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாதது அதுதான். பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 கிலோமீட்டர் அளவுக்கு அகலமான திறப்பு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியாகத்தான் கோவைக்கும் உடுமலைக்கும் பாய்கிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலை நட்டதற்கும் காரணம் அதுவே. காற்றாலைக்கு ஏற்ற இடம் உயரமான கோஸ்டருக்கு ஏற்ற இடம் ஆகாது.

கணக்கு எளிது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும் ரயிலுக்கு எதிரே 40 கிலோமீட்டர் காற்று அடித்தால், ரயில் உணரும் காற்று 100. எதிர்ப்பு ஏறத்தாழ 2.8 மடங்கு ஆகிவிடும். சங்கிலி இழுத்து மேலே கொண்டுபோன ரயிலுக்கு அதன் பிறகு எஞ்சின் கிடையாது. முதல் இறக்கத்தில் பெற்ற சக்திதான் கடைசி வரைக்கும். அது வழியில் கரைந்துபோனால், அடுத்த மேட்டில் முழுதாக ஏற முடியாமல் பின்னால் வழுக்கி, இரண்டு மேடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் ரயில் நின்றுவிடும். ஆட்களை ஏணி மேடை வைத்து இறக்கி, ரயிலை வின்ச் கட்டி இழுக்க வேண்டும். அன்றைய நாள் அத்துடன் போயிற்று. ஆட்கள் குறைவாக ஏறிய காலை நேர ரயிலுக்கு இது இன்னும் சுலபமாக நடக்கும்: எடை குறைவு, சக்கர பேரிங்கில் கிரீஸும் சூடாகி இருக்காது.

அதனால்தான் உயரமான கோஸ்டர்களின் உச்சியில் காற்றுமானி வைக்கிறார்கள். தயாரிப்பாளர் கொடுத்த வரம்பைத் தாண்டினால் ரைடை நிறுத்தியே ஆக வேண்டும். கணவாயில் அதைக் கட்டினால் பருவக்காற்று மாதங்களில் பல பிற்பகல்கள் மூடியே கிடக்கும். தடத்தை வடக்கு தெற்காகப் போட்டால் எதிர்க்காற்று குறையும், ஆனால் பக்கவாட்டுத் தள்ளல் கூடும்; பக்கச் சக்கரங்களின் பாலியூரிதேன் உறை சீக்கிரம் தேயும். சமதளக் கடலோரமான திருப்போரூர்ப் பக்கம் 2025 டிசம்பரில் திறந்த சென்னை வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவில் தொங்கும் கோஸ்டர் போட்டிருக்கிறார்கள் என்றால், அந்த நிலத்தின் காற்று வேறு.

என் கணிப்பு இதுதான்: இந்த எல்லையில் சினிமா ரைடு வந்தால் அது கூரைக்கு அடியில் வரும். உலகம் முழுக்கப் பெயர்பெற்ற சினிமா ரைடுகளில் பெரும்பாலானவை அப்படித்தான். ஸ்டார் வார்ஸ் படங்களை வைத்து 1987இல் டிஸ்னிலாண்டில் வந்த ஸ்டார் டூர்ஸ், விமானப் பயிற்சிக்கு வைத்திருந்த ஆடும் கூண்டில் 40 பேரை உட்காரவைத்துப் படம் காட்டியது. 1995இல் இண்டியானா ஜோன்ஸ் ரைடில் ஓடும் ஜீப்பின் உடம்பையே ஹைட்ராலிக்கில் குலுக்கினார்கள். 1999இல் ஸ்பைடர்மேன் ரைடு ஆடும் வண்டியையும் முப்பரிமாணத் திரையையும் ஒன்றாகச் சேர்த்தது. 2010இல் ஹாரி பாட்டர் ரைடில் தொழிற்சாலை ரோபோக் கையின் நுனியில் நான்கு இருக்கையைப் பொருத்தித் தடத்தில் ஓடவிட்டார்கள். நம் நாட்டிலும் கோப்போலி இமேஜிகாவில் மிஸ்டர் இந்தியா படத்தை வைத்து ஆடும் கூண்டு ரைடு செய்தார்கள். காற்றும் மழையும் இவற்றில் எதையும் தொடாது.

வகையைத் தேர்வு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது மணிக்கு எத்தனை பேர் என்பது. 3600ஐ இரண்டு வண்டிகளுக்கு இடையிலான நொடிகளால் வகுத்து, வண்டியின் இருக்கை எண்ணிக்கையால் பெருக்குங்கள். 40 பேர் கூண்டுக்கு ஏற்றி, ஓட்டி, இறக்க 6 நிமிடம் என்றால் மணிக்கு 400 பேர்தான். 12 பேர் வண்டி 24 நொடிக்கு ஒன்று கிளம்பினால் 1800. ஓணம், பொங்கல் நாட்களில் பூங்காவுக்கு 8000 பேர் வந்தால், 400 பேர் ரைடுக்குப் பகல் முழுக்க ஓடினாலும் பாதிப் பேருக்கு இடம் கிடைக்காது. பெயர் போட்டு விளம்பரம் செய்த ரைடில் இடம் கிடைக்காமல் திரும்புகிறவர்களின் கோபம்தான் ஒரு பூங்காவை முதலில் பாதிக்கும்.

உரிமைப்பத்திரம்:

ரைடு வகையைப் பற்றி மேலே எழுதியவர் சொன்னது அத்தனையும் சரி. நான் கதையின் பக்கம் வருகிறேன். மூன்று மொழிப் படங்களை ஒரே பூங்காவில் சேர்ப்பதில் இரும்பும் மோட்டாரும் எளிது, கையெழுத்துகள்தான் கடினம்.

படத்தின் தயாரிப்பாளரிடம் ரைடு உரிமை வாங்கினால் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. நடிகரின் முகமும் குரலும் தனி. ரஜினிகாந்தின் பெயரையும் பாணியையும் அனுமதி இல்லாமல் ஒரு படம் பயன்படுத்தியதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2015இல் தடுத்தது. அனில் கபூரின் குரலுக்கும் சைகைக்கும் தில்லி உயர் நீதிமன்றம் 2023இல் பாதுகாப்புக் கொடுத்தது. ஆகவே ரைடுக்குள் நிற்கும் பொம்மை நாயகனைப் போல இருந்தால் நாயகனின் சம்மதம் வேண்டும். வரிசையில் நிற்கும்போது ஒலிக்கும் பின்னணி இசைக்கு இசை நிறுவனத்தின் உரிமம் வேண்டும். 2012 திருத்தத்துக்குப் பிறகு பாடலாசிரியர், இசையமைப்பாளர் பங்கும் அதில் உண்டு. சண்டைக்காட்சித் துண்டை அப்படியே திரையில் காட்டுவதும் நடக்காது. ரைடு திரை வளைவாக இருக்கும், பார்வைக் கோணம் வேறு. எல்லாவற்றையும் புதிதாக எடுக்க வேண்டும் அல்லது கணினியில் வரைய வேண்டும். நாயகன் மறுபடி வந்து நாலு நாள் நடிக்க வேண்டும்.

எல்லைக்கு அருகில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது பிரதேச உரிமை. மார்வெல் நிறுவனம் 1994இல் யுனிவர்சலோடு போட்ட ஒப்பந்தத்தில் மிசிசிப்பி ஆற்றைக் கோடாக வைத்தார்கள். 2009இல் மார்வெலையே டிஸ்னி வாங்கிய பிறகும், ஆற்றுக்குக் கிழக்கே இருக்கும் தன் ஃபுளோரிடா பூங்காவில் ஸ்பைடர்மேனை டிஸ்னியால் ரைடாக்க முடியவில்லை. அந்த ரைடு பக்கத்தில் யுனிவர்சலில்தான் ஓடுகிறது. நம் பக்கத்தில் படத்தின் வெளியீட்டு உரிமையே தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம் எனப் பிரித்து விற்கப்படுகிறது. ரைடு உரிமையையும் அதே பழக்கத்தில் எழுதினால் வாளையார் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் கட்டும் ரைடை அந்தப் பக்கத்து உரிமைக்காரர் தடுக்கலாம். ஒப்பந்தத்தில் மாநிலத்தின் பெயரைப் போடாமல், பூங்காவைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்று எழுத வேண்டும்.

ஒப்பந்தம் நடுவில் முறிந்தால் என்ன ஆகும் என்பதற்கு மலேசியாவின் கெண்டிங் மலை சாட்சி. ஃபாக்ஸ் படங்களின் பெயரில் கட்டத் தொடங்கிய பூங்கா 2018இல் வழக்கில் மாட்டியது. 2019இல் சமரசம் ஆகி, 2022இல் ஃபாக்ஸ் பெயர் இல்லாமல் ஸ்கைவேர்ல்ட்ஸ் என்ற பெயரில் திறந்தது.

இவ்வளவும் வேண்டாம் என்றால் ஒரு நேர் வழி இருக்கிறது. கல்கி 1954இல் மறைந்தார். ஆசிரியர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுக் காப்புரிமை 2014 முடிவோடு தீர்ந்தது. தமிழக அரசு அதற்கு முன்பே அவருடைய எழுத்தை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. பொன்னியின் செல்வன் நாவலை வைத்து யார் வேண்டுமானாலும் ரைடு கட்டலாம். 2022, 2023இல் வந்த இரண்டு படங்களின் உடை வடிவம், இசை, நடிகர் முகச்சாயல் இவற்றைத் தொடாமல் இருந்தால் போதும். படம் பார்த்துவிட்டு வரும் கூட்டமும் கிடைக்கும், ஒரு ரூபாய் உரிமைத் தொகையும் இல்லை.

கணவாய்க்காற்று:

மிசிசிப்பிக் கதை புதுசுங்க, நன்றி. பொன்னியின் செல்வன்னா படகு ரைடுதானே ஒத்து வரும்? கோடிக்கரையில இருந்து இலங்கைக்குப் போறது, நடுக்கடல் புயல், கப்பல் தீப்பிடிக்கறது எல்லாம் இருக்கே. ஆனா எங்க பாலக்காட்டுச் சித்தூர்த் தாலூகா தண்ணிக்குத் தவிக்கிற இடமுங்க. அதையும் வெச்சுச் சொல்லுங்க. அப்பறம், கல்கி 2898 படத்துல வந்த புஜ்ஜி வண்டி நம்ம கோயமுத்தூர்லயே செஞ்சதுன்னு சொல்றாங்களே, அதையே ரைடு வண்டியா ஓட்ட முடியாதுங்களா?

நீர்த்தொட்டி:

புஜ்ஜி கேள்விக்குச் சுருக்கமாகப் பதில்: மஹிந்திராவோடு சேர்ந்து கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸில் உருவான அந்த வண்டி சுமார் 6 டன். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. ஊர்வலத்துக்கு அழகு. நாளுக்கு 10 மணி நேரம், 24 நொடிக்கு ஒரு தடவை கிளம்பி நிற்கும் வேலைக்கு 6 டன் வண்டி ஆகாது. பிரேக்கும் தரையும் தாங்காது. ஃபைபர் ஓடு செய்து ஆடும் தளத்தின் மேல் கவிழ்ப்பார்கள், அவ்வளவே.

படகுக்கு வருவோம். கூரைக்குள் ஓடும் படகு ரைடுதான் அந்த நாவலுக்கும் உங்கள் இடத்துக்கும் நான் போடும் முதல் ஓட்டு. அளவுகளைப் போட்டுப் பார்க்கலாம். நான்கு வரிசை, வரிசைக்கு நான்கு பேர், ஒரு படகில் 16 பேர். 30 நொடிக்கு ஒரு படகு என்றால் மணிக்கு 1920. குழந்தைகளும் பெரியவர்களும் ஏறி இறங்கும் தாமதத்தில் 20 சதவீதம் கழித்தாலும் 1500 பேர் நிச்சயம். நீரோட்டம் நொடிக்கு 0.6 மீட்டர், பயணம் 5 நிமிடம் என்றால் கால்வாய் நீளம் 180 மீட்டர். 30 நொடியில் படகு 18 மீட்டர் நகரும். அதனால் ஒரு காட்சிக்கு 18 மீட்டர் ஒதுக்கினால் 10 காட்சி, ஒவ்வொரு காட்சியிலும் எப்போதும் ஒரே படகு. இந்தப் பொருத்தம் தவறினால் முன்படகுக்காரர்கள் பார்க்கும் இடியைப் பின்படகுக்காரர்கள் முன்கூட்டியே கேட்டுவிடுவார்கள். ஏறும் இடத்தையும் சேர்த்து 12 படகு வேண்டும், பழுதுக்கு 2 கூடுதல்.

தண்ணீர்: கால்வாய் அகலம் 2.4 மீட்டர், ஆழம் 0.6 மீட்டர். 180ஆல் பெருக்கினால் சுமார் 260 கன மீட்டர், அதாவது 2 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர். ஒரு தடவை நிரப்புவது இது. தினமும் இழப்பது குறைவு: கூரைக்குள் ஆவியாவது நாளுக்கு 3, 4 மில்லிமீட்டர் என்று வைத்தால் 1300 முதல் 1700 லிட்டர். அதற்கு மேல் வடிகட்டியைக் கழுவும் தண்ணீர். அதை வீணாக்காமல் தெளியவைத்துத் தோட்டத்துக்கு விடலாம். வெளியே வெயிலில் இருக்கும் அலைக்குளத்தோடு ஒப்பிட்டால் இது சிக்கனம். மழைநீரைப் பிடிக்கக் கூரையே 4000 சதுர மீட்டருக்குக் குறையாமல் இருக்கும்.

எல்லாரும் மறப்பது அடித்தொட்டி. பம்பு நின்றதும் மேட்டுப் பகுதியில் உள்ள தண்ணீர் முழுக்கக் கீழே இறங்கும். அதை வாங்கும் அளவுக்கு அடித்தொட்டி இல்லையென்றால் ஏறும் மேடை நனைந்து, பம்பு அறைக்குள் தண்ணீர் புகும். கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டை ஆனாலும் மின்சாரம் ஒரு நொடி விழுந்து எழும் நாள்கள் உண்டு. பம்புகளை ஒரே நேரத்தில் மறுபடி கிளப்பாமல் ஒன்றன் பின் ஒன்றாகக் கிளப்ப வேண்டும். தண்ணீர் வடிந்தால் படகு கால்வாய்த் தரையில் அமர்ந்துவிடும், கவிழாது. ஆட்கள் நடந்து வெளியேற ஒரு பக்கம் முழுக்க நடைபாதையும் அவசர விளக்கும் வேண்டும்.

புயல் காட்சிக்கு உண்மையான அலை எழுப்பக் கூடாது. படகு வழிகாட்டிச் சக்கரத்தை விட்டு எழும், கரைச்சுவரில் மோதும். படகு அசையாமல் உலகம் அசைய வேண்டும்: இரண்டு பக்கமும் வளைந்த திரையில் கடல், தண்டவாளத்தில் சாயும் பாய்மரம், பெரிய மின்விசிறி, நான்கு நொடிக்கு மட்டும் நுண்துளித் தூவல். நாவலில் இடி விழுந்து கப்பல் எரியும் இடத்துக்கு உண்மைத் தீ தேவையே இல்லை. நுண்ணிய நீராவிப் புகையின் மேல் ஆரஞ்சு விளக்கும் கீழிருந்து காற்றும் கொடுத்தால் பத்தடித் தூரத்தில் தீயாகவே தெரியும். மேடை நிகழ்ச்சிகளில் விடும் கிளைகால் திரவப் புகை வேண்டாம். அது புகை உணர்விகளை ஏமாற்றி அலாரம் அடிக்கவைக்கும், தரையை வழுக்கலாக்கும், படகை எண்ணும் ஒளிக்கண்ணில் படலமாகப் படியும். ஒளிக்கண் மங்கினால் கட்டுப்பாட்டுக் கணினி படகு காணவில்லை என்று நினைத்து ரைடு முழுவதையும் நிறுத்தும்.

மூடிய அறையில் இவ்வளவு தண்ணீர் இருந்தால் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு ஏறும். புரொஜெக்டரைத் தனிக் கண்ணாடி அறையில் வைத்து, அந்த அறையின் காற்றழுத்தம் வெளியை விடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்படி குளிர்விக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணாடி வியர்த்துப் படம் மங்கும். குளோரின் ஆவி பொம்மைகளின் மூட்டையும் மின்பலகையையும் அரிக்கும். ஓசோனை முதன்மையாக வைத்துக் குளோரினைக் குறையுங்கள். மூட்டுகள் 316 ரக எவர்சில்வராக இருக்கட்டும். பொம்மையைக் காற்றழுத்தத்தில் அசைத்தால் கம்ப்ரசருக்குப் பின் காற்று உலர்த்தி கட்டாயம். ஹைட்ராலிக் என்றால் ஒரு நாள் எண்ணெய் கால்வாயில் கசிந்தே தீரும். மின் சர்வோ மோட்டார் விலை கூடுதல், ஆனால் படகு ரைடுக்கு அதுதான் சுத்தம்.

இன்னொன்று: ஃபைபர் படகின் அடி கீறினால் உள்ளே இருக்கும் நுரை தண்ணீர் குடிக்கும். படகு 100 கிலோ கனத்து, தாழ்ந்து ஓடி, முன்னால் போனதை விட மெதுவாகும். மாதம் ஒரு தடவை ஒவ்வொரு படகையும் வெளியே எடுத்து எடை போட வேண்டும். யுனிவர்சல் ஃபுளோரிடாவில் 1990இல் திறந்த ஜாஸ் படகு ரைடு தண்ணீருக்குள் இயங்கும் இயந்திரங்களால் தடுமாறி மூடப்பட்டு, 1993இல் புதிதாகக் கட்டித்தான் மறுபடி ஓடியது. அசையும் பாகம் எதையும் நீர்மட்டத்துக்குக் கீழே வைக்காதீர்கள்.

சர்வே_எண்:

நெசமான்னு பாக்கறதுக்கு வழி கேட்டிருந்தீங்க. சொல்றேங்க.

வரைபடத்துல சொல்ற இடத்தோட சர்வே எண் கெடைச்சா, முதல்ல அந்த ஊர்க் கிருஷிபவன்ல, அதாவது வேளாண்மை அலுவலகத்துல, டேட்டா பேங்க் பட்டியலைப் பாருங்க. கேரளத்து 2008 நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டப்படி அந்தப் பட்டியல்ல வயல்னு இருக்கற நிலத்தைத் தீம் பார்க்குக்கு நிரப்ப முடியாது. பாலக்காட்டுல பெரிய திட்டம் நிறைய நிக்கறது அங்கதான். தொழிற்பேட்டைக்குன்னு ஏற்கெனவே எடுத்த நிலமா இருந்தா வாய்ப்பு உண்டு.

கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தாண்டினா சுற்றுச்சூழல் அனுமதி வேணும். விண்ணப்பம் மத்திய அரசோட பரிவேஷ் தளத்துல எல்லாரும் பாக்கற மாதிரி இருக்கும்; பாலக்காடு மாவட்டம்னு போட்டுத் தேடலாம். கட்டறவங்க பங்குச்சந்தையில இருக்கற நிறுவனம்னா இவ்வளவு பெரிய முதலீட்டைச் சந்தைக்குச் சொல்லாம இருக்க முடியாது. சென்னைப் பூங்கா 600 கோடிக்கு மேல. அது வர்றது காலாண்டு அறிக்கைகள்ல வருசக்கணக்கா வந்துட்டே இருந்துச்சு. படப்பேர் வெச்சு ரைடுன்னா வணிகச்சின்னப் பதிவுல 41ஆம் வகுப்பைப் பாருங்க, கேளிக்கைச் சேவையெல்லாம் அதுலதான் பதிவாகும். பரிவேஷ், பங்குச்சந்தை, வணிகச்சின்னம் இந்த மூணுலயும் தடயம் இல்லைன்னா அந்தப் படம் யாரோ கணினியில வரைஞ்சதாத்தான் இருக்கும்.

வாளையார் கஞ்சிக்கோடு ரயில் பாதையில யானை அடிபடற இடம் அதுங்கறதையும் மறக்க வேண்டாம். காட்டோரத்துல ராத்திரி ஒளி, வெடிச்சத்தம் ரெண்டுக்கும் வனத்துறை தடை சொல்லும். கோயமுத்தூர் பக்கம் தள்ளிப் போனாலும் மலையடிவாரக் கிராமங்கள்ல மலைத்தலப் பாதுகாப்புக் குழுமத்தோட அனுமதி தனியா வாங்கோணும். தண்ணிக்கு ஆழ்துளைக் கெணறுன்னு எழுதிக் குடுத்தா பஞ்சாயத்து லேசுல விடாது. பிளாச்சிமடையில கோகோ கோலா ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சுதுன்னு 2002ல தொடங்கின போராட்டம், 2004ல ஆலை நின்னது, இதெல்லாம் இந்தப் பக்கத்துல பாலபாடம். நீர்த்தொட்டி சொன்ன மழைநீர்க் கணக்கை விண்ணப்பத்துலயே காட்டறவங்கதான் தப்பிப்பாங்க.

உருளைத்தடம்:

படகு ரைடை நானும் ஏற்றுக்கொள்கிறேன். ஒரு மாற்றம் மட்டும்: திரையையும் பொம்மை உடையையும் கழற்றி மாட்டும்படி முதல் நாளே வடிவமைக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் டிஸ்னி தன் பழைய விழும் கோபுரத்தை 2017 ஜனவரி 2 அன்று மூடி, மே 27 அன்று கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி படக் கதையாகத் திறந்தது. கட்டடம், லிஃப்ட், மோட்டார் அதே. ஐந்து மாதத்துக்குள் கதை மாறியது. ஸ்டார் டூர்ஸும் 2011இல் அப்படித்தான் புதுப் படங்களோடு வந்தது. ஆகவே காட்சி மேடைகளைக் கான்கிரீட்டில் வார்க்காமல், போல்ட் போட்ட எஃகுச் சட்டத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் மின்சாரம், காற்று, தரவுக் கம்பி மூன்றும் ஒரே பெட்டியில் முடியட்டும்.

மொழி பற்றி யாரும் சொல்லவில்லை. இந்தப் பூங்காவில் ஒரே படகில் பாலக்காட்டு மலையாளியும் பொள்ளாச்சிக்காரரும் சித்தூர் தமிழரும் சேர்ந்து உட்காருவார்கள். படகுக்கு ஒரு மொழி என்று பிரித்தால் ஏறும் வரிசை இரண்டாகி, 30 நொடிக் கணக்கு உடைந்துவிடும். வசனத்தை வரிசையில் நிற்கும் இடத்தில் முடித்துவிட வேண்டும். அங்கே 20 நிமிடம் நிற்பார்கள். ஒரு திரையில் தமிழ், அடுத்த திரையில் மலையாளம் என்று கதையின் தொடக்கத்தைச் சொல்லலாம். வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கு அன்று குதிரையில் வரும் வந்தியத்தேவனை அங்கேயே காட்டிவிட்டால், படகில் ஏறிய பிறகு ஓடக்காரியின் பாட்டும் இடியும் காற்றும் போதும்.

கணவாய்க்காற்று:

பரிவேஷ்ல இப்பத்தான் தேடினேனுங்க, அப்படி ஒரு விண்ணப்பம் கண்ணுல படலை. நாளைக்குக் கிருஷிபவன் போய்ப் பட்டியலைப் பாத்துட்டு இங்கயே எழுதறேன். நீர்த்தொட்டி, அந்தப் படகுக் கணக்கை எங்க பஞ்சாயத்து நூலகத்துப் பசங்களுக்குக் காட்டறேன். 18 மீட்டருக்கு ஒரு காட்சின்னு வெச்சு பத்துக் காட்சியையும் அவங்களே எழுதிப் பாக்கட்டும்.